புதுக் கதவிலிருந்து இரண்டாவது ஜாடி

அத்தியாயம் ஒன்பது

மூடியைத் தூக்கி, முதல் குடம் ஒயினை மொண்டு பக்கத்து வீட்டுக்குச் சுவருக்கு மேலாகக் கொடுத்து, இரண்டாவது குடத்தை எதிர்வீட்டுக்கும், மூன்றாவதைத் தெருவில் குழாய் பதித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வாரி வழங்கி முடித்த பிறகுதான், தாம் திறந்தது வேறு ஜாடி என்பது மல்காஸுக்குத் தெரிந்தது.

தெரிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தெரியப்படுத்தப்பட்டது.

ஒயின் கூடத்து வாசலில் அண்ணன் நுக்ஸார் வந்து நின்றார். தரையில் கழுத்தளவுக்குப் புதைந்திருந்த ஜாடிகளை ஒருமுறை பார்த்தார். பெயர்த்துப் போட்டிருந்த களிமண்ணைப் பார்த்தார். அதில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு நூலைப் பார்த்தார். கடைசியாகத் தம்பியைப் பார்த்தார்.

"வாசல்லேருந்து ரெண்டாவதுன்னுதானே போன்ல சொன்னேன்?"

"இதுதானேண்ணே ரெண்டாவது?"

"எந்த வாசல்லேருந்து?"

மல்காஸ் திரும்பிப் பார்த்தார். பிறந்து வளர்ந்த வீடு. அவர் இங்கே இருந்த காலத்தில் இந்தக் கூடத்துக்கு ஒரே வாசல்தான். கோழிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வேனில் வரும் சுற்றுலாக்காரர்கள் கோழி எச்சத்தை மிதிக்க வேண்டாமே என்று போன வருடம் நுக்ஸார் தெருப்பக்கச் சுவரை இடித்துப் புதிதாக ஒரு கதவு வைத்திருந்தார். மல்காஸ் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்திருந்தார். அங்கிருந்தே எண்ணியிருந்தார்.

பழைய வாசலிலிருந்து இரண்டாவது ஜாடி, வீட்டில் எல்லோரும் குடிக்க. புதுக் கதவிலிருந்து இரண்டாவது, நுக்ஸாரின் ஒரே மகன் லெவானின் கல்யாணத்துக்கு. கல்யாணம் அக்டோபரில். இப்போது நடப்பது மே.

"செவப்பு நூல் கட்டியிருந்தேனே. கண்ணு எங்க போச்சு?"

"டூரிஸ்ட்டுக்காகக் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்."

நுக்ஸார் குனிந்து அந்த நூலை எடுத்தார். கோபம் வந்தால் கத்துகிற மனிதர் அவர். இன்று கத்தவில்லை.

சென்ற வாரம் இதே மல்காஸைத் தலைநகர் திபிலிசியில், மெட்ரோவுக்கு அடியிலுள்ள சுரங்கப் பாதையில், தக்காளிப் பையும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். அங்கிருந்து அவர் எப்படி நூறு கிலோமீட்டர் தள்ளி, ஒயினுக்குப் பேர்போன ககேத்தியில் அண்ணனின் ஜாடிக்குள் தலையை விட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மல்காஸ், வேன் நிலையத்தில் மைக்கில் ஊர்ப்பெயர் சொல்பவர். தெலாவிக்கு எந்த மேடை, கடைசி வண்டி போய்விட்டதா என்று நாளெல்லாம் கேட்பவர்களுக்கு நாளெல்லாம் நேராகப் பதில் சொல்கிற உத்தியோகம். மனைவி ஸியாலா இறந்து ஆறு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் மகள் தம்தாவோடு இருக்கிறார். நிலையத்துக்கு எதிரே ஜிப் மாற்றி, கால் குறைத்து, கிழிசல் தைத்துத் தரும் கடை வைத்திருப்பவர் எத்தெரி. வக்தாங் என்பவரைக் கட்டி, பிடிக்காமல் விலகி, தனியாக இருப்பவர். மல்காஸின் பேன்ட்டுகள் கடந்த ஒரு வருடத்தில் கிழிந்த அளவுக்கு அதற்கு முந்தைய இருபது வருடத்தில் கிழியவில்லை.

சுரங்கப் பாதையில் மல்காஸ் ஒருவழியாகக் கேட்டுவிட்டார். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா என்று, மைக் இல்லாமல். எத்தெரி மேலே பார்த்து, மழை வரும்போல இருக்கிறது, தக்காளி நசுங்காமல் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் வானிலை, காய்கறி விலை, நூல்கண்டு. ஆமாம் என்றும் இல்லை. இல்லை என்றும் இல்லை.

அதற்காகத்தான் இந்தப் பயணம். இரண்டு நாள், மூன்று ஒயின் கூடம், இரண்டு பிக்னிக். வேன் நிலையத்துக் கால அட்டவணை மாதிரியே போட்டிருந்தார். சனிக்கிழமை காலை அண்ணன் வீட்டில் அரை மணி நேரம். பிறகு முன்பதிவு செய்த பெரிய ஒயின் ஆலை. மதியம் அலசானி ஆற்றங்கரையில் பிக்னிக். சாயங்காலம் பால்ய நண்பன் பத்ரியின் கூடம். ஞாயிற்றுக்கிழமை வால்நட் மரத்தடியில் இரண்டாவது பிக்னிக், அங்கே எத்தெரியிடம் கடைசியாக ஒரு தடவை கேட்பது. அந்தக் கடைசி வரியை மட்டும் அட்டவணையில் எழுதவில்லை.

"பெரியப்பா வீட்டுல அரை மணி நேரமா?" என்று தம்தா அப்போதே சிரித்தாள். "பெரியம்மா மேஜைத் துணியை உதறி விரிக்கவே அவ்வளவு நேரமாகும்ப்பா."

எத்தெரியைப் பற்றி அவளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு குடும்பம்.

தம்தா ஓட்டிய காரில் வரும்போது பின் சீட்டில் மல்காஸும் எத்தெரியும், நடுவில் பிக்னிக் கூடை. வாள் போல வளைந்த ரொட்டி அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் மல்காஸின் விலாவில் குத்தியது. அவருக்கு அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. கணவாய் தாண்டிச் சமவெளி விரிந்து, துளிர்த்த திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக ஓடத் தொடங்கியபோது, நிலையத்தில் அறிவிக்கிற குரலில் ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். எத்தெரி சிரித்தார். நடுவில் இரண்டு முறை அவருடைய போன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு அணைத்துப் பைக்குள் போட்டார்.

அண்ணனும் அண்ணியும் தோட்டத்தில் இருந்தார்கள். நீயே திறந்து ஒரு குடம் எடுத்து வை என்று அண்ணன் போனில் சொன்னதுதான் வினை. விருந்தாளிக்கு முன்னால் ஜாடி திறந்து காட்டுகிற வாய்ப்பை எந்தக் ககேத்திக்காரன் விடுவான்? களிமண்ணைச் சுரண்டத் தொடங்கியபோது எத்தெரி, "மல்காஸ், அந்த நூல்..." என்று ஏதோ ஆரம்பித்தார். "பேசாம பாருங்க, இதெல்லாம் பட்டணத்துல கெடைக்காது," என்று மல்காஸ் அடக்கிவிட்டார்.

இப்போது அந்த நூல் நுக்ஸாரின் கையில் இருந்தது.

அவர் நீண்ட கம்பில் கட்டிய சுரைக்குடுவையை ஜாடிக்குள் விட்டார். அது உள்ளே எவ்வளவு தூரம் போய் ஒயினைத் தொட்டது என்பதைக் காது கொடுத்துக் கேட்டார். கல்யாண ஒயினை மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் சேர்ந்து நின்றுதான் திறக்க வேண்டும். அது போகட்டும். கழுத்துவரை நிறைந்திருந்தால் உடனே மூடி மறுபடி களிமண் பூசிவிடலாம். குறைந்துவிட்ட ஜாடியில் காற்று உட்கார்ந்துகொள்ளும். அக்டோபரில் பெண் வீட்டார் முன்னால் புளித்துப்போன காடிதான் ஊற்ற வேண்டும். வேறு ஒயினை ஊற்றி நிரப்பலாமே என்று தம்தா கேட்டாள். கல்யாண ஒயினில் கலப்பா என்பதுபோல் பெரியப்பா பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வழிதான் இருந்தது. இதைவிடச் சின்ன ஜாடி ஒன்றில் வழிய வழிய மாற்றி மூட வேண்டும். வாங்கி வந்து இங்கே புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே புதைந்திருக்கும் ஒன்றில் இடம் பிடிக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு," என்றார் நுக்ஸார். "என் மகன் கல்யாண ஒயினை யாரோ ஒருத்தன் வீட்டு மண்ணுல வைக்க மாட்டேன். சொந்தக்காரன் கூடமா இருக்கணும். நாளைச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஊர்ல எல்லாருக்கும் நீயே ஊத்திக் குடு. அதான் நல்லா வருதே ஒனக்கு."

அப்போதுதான் அண்ணி லமாரா உள்ளே வந்தாள். நடந்ததைக் கேட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஜாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எத்தெரியைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"கல்யாண ஜாடி தெறக்கறப்ப வீட்டு ஆளுங்கதான் பக்கத்துல நிக்கணும். இவங்க யாரு, மல்காஸ்?"

கேள்வியில் விஷமம் இல்லை. ஆனால் லமாரா, இறந்துபோன ஸியாலாவுக்குச் சித்தி மகள். மல்காஸுக்குப் பெண் பார்த்து முடித்து வைத்ததே அவள்தான். ஆறு வருடமாக ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஸியாலாவின் கல்லறையில் சிவப்பு முட்டை உருட்டி வைப்பவள். அவள் முகத்துக்கு நேரே, இரண்டாயிரம் பேருக்குக் கேட்கும்படி மைக்கில் பேசுகிற அந்த வாய், சொன்னது இதைத்தான்:

"இவங்க... என் பேன்ட்டைத் தைக்கிறவங்க, அண்ணி."

தம்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

எத்தெரி சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. "ஆமாங்க. போன மாசம்தான் ஒண்ணுக்கு இடுப்பு பெருசு பண்ணினேன்," என்றார்.

மூன்று பேரும் கிளம்பினார்கள். அட்டவணை அப்படியே இருந்தது, நோக்கம்தான் மாறிவிட்டது: ருசி பார்க்கக் கிளம்பியவர்கள் ஜாடி தேடப் போனார்கள். எத்தெரி இப்போது முன் சீட்டில், தம்தாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் மல்காஸும் ரொட்டியும்.

பெரிய ஒயின் ஆலையில் எல்லாம் எஃகுத் தொட்டிகள். கையில் டேப்லெட் கணினி வைத்திருந்த ஒரு பெண் முன்பதிவைச் சரிபார்த்து, வரிசையாகக் கோப்பைகளை வைத்து, நடுவில் ஒரு வாளியையும் வைத்தாள். எதற்கு என்று மல்காஸ் கேட்டார். துப்புவதற்கு என்றாள். ககேத்தியில் பிறந்து, ஒயினைத் துப்பச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

வாசல் புல்வெளியில் சின்னச் சின்ன ஜாடிகள் நின்றதை வரும்போதே பார்த்து வைத்திருந்தார். சரியான அளவு. அதில் ஒன்றை விலைக்குத் தர முடியுமா என்று கேட்டார். தரலாமே என்றாள் அந்தப் பெண். மல்காஸ் ஓடினார். ஜாடிக்குள் ஜெரேனியம் பூத்துக் குலுங்கியது. செடியைப் பிடுங்கிவிட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"தண்ணி வடியறதுக்கு," என்று பின்னாலிருந்து விளக்கினாள் அந்தப் பெண். "இல்லேன்னா வேர் அழுகிடும் சார்."

பிடுங்கிய செடியைத் திரும்ப நட்டுவிட்டு, முழங்கைவரை மண்ணோடு காருக்கு வந்தார். எத்தெரி கைக்குட்டையை நீட்டினார். அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அடித்தது. மறுபடி அணைத்தார். யார் என்று கேட்க மல்காஸின் நாக்கு துடித்தது. பேன்ட் தைக்கிறவரின் போனைப் பற்றிக் கேட்க பேன்ட் போடுகிறவனுக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டார்.

அடுத்து பத்ரி. லெவானுக்கு ஞானத்தந்தை, சொந்தத்திலும் சொந்தம். அவனிடம் சின்ன ஜாடி இருக்கிறது என்பது மல்காஸுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரே சிக்கல்தான். பத்ரியிடம் போய் நின்றதும் கேட்டுவிட முடியாது. உட்கார வேண்டும். மேஜை நிறைய வேண்டும். சீஸ் ரொட்டி, டாராகன் கீரை, புளிப்புப் பிளம் சாறு, போன வருடத்து ஊறுகாய் எல்லாம் வந்தாக வேண்டும். பத்ரி கோப்பையை எடுத்து முதலில் கடவுளுக்கு, பிறகு சமாதானத்துக்கு, பிறகு நாட்டுக்கு, பிறகு பெற்றவர்களுக்கு என்று வாழ்த்திக் குடிக்க வேண்டும். வந்ததும் உதவி கேட்பவன், சோற்றுக்காக வராமல் காரியத்துக்காக வந்தவன் ஆகிவிடுவான்.

"கேளுங்கப்பா," என்று தம்தா மேஜைக்கு அடியில் காலால் இடித்தாள்.

"இன்னும் எறந்தவங்களுக்கே குடிக்கலம்மா."

இறந்தவர்களுக்கான முறை வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பத்ரி தன் அப்பாவின் பெயரைச் சொன்னான், மல்காஸின் அப்பா பெயரைச் சொன்னான், ரொட்டித் துண்டின் மேல் இரண்டு சொட்டு ஒயின் விட்டான். பிறகு குரலை இறக்கி, "ஸியாலாவுக்கும்," என்றான்.

மல்காஸ் கோப்பையைப் பிடித்தபடி நின்றார். எதிரே எத்தெரியும் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் மாதிரி ரொட்டியை ஒயினில் தொட்டார். தான் பார்த்தே இராத ஒரு பெண்ணின் பெயரை, சத்தம் வராமல், உதட்டில் ஒருமுறை சொன்னார். மல்காஸ் அதைப் பார்த்துவிட்டார். அண்ணியின் முகத்துக்குப் பயந்து காலையில் தாம் எதை எறிந்தோம் என்பது அப்போது அவருக்கு உறைத்தது. காலையில் ஜாடி திறந்ததைவிட இந்தத் தவறுதான் பெரிது. இதை மாற்றி ஊற்றச் சின்ன ஜாடி எதுவும் கிடையாது.

ஒருவழியாகக் குழந்தைகளுக்கான வாழ்த்தும் முடிந்து கேட்டபோது, பத்ரி மார்பில் அடித்துக்கொண்டான். எடுத்துக்கோ, ஜாடி என்ன, கூடத்தையே எடுத்துக்கோ என்றான். அழைத்துப்போய் மூடியைத் தூக்கினான். உள்ளேயிருந்து வந்த வாசனையில் தம்தாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இதுல என்ன வச்சிருந்தீங்க மாமா?"

"காடிதாம்மா. ஊறுகாய்க்கு. அலம்பிக்கலாம்ல?"

"எத்தனை தடவை அலம்பினாலும் அந்தக் கிருமி ஜாடி மண்ணோட பொடி ஓட்டைங்களுக்குள்ளயே இருக்கும். நல்ல ஒயினையும் காடியாக்கிடும்," என்றாள் வேதியியல் டீச்சர்.

பத்ரி அவமானப்பட்டு இன்னொரு சுற்று வாழ்த்துக்கு உட்காரச் சொன்னான். ஓடி வந்து காரில் ஏறினார்கள். ஆற்றங்கரைப் பிக்னிக் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. கூடை திறக்கப்படாமலே மல்காஸின் மடியில் இருந்தது. வயிறோ வெடிக்கிற நிலையில் இருந்தது.

இரண்டு கூடமும் கையை விரித்தாயிற்று. வெறுங்கையோடு போனால் அண்ணன் என்ன சொல்வார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். முன் சீட்டில் இரண்டு பெண்களும் மெல்லிய குரலில் ஏதோ பேசினார்கள். ஒருமுறை தம்தா, "நெஜமாவா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தாள். என்ன என்று கேட்டார். ரோடு மோசம் என்றாள். அவளும் எத்தெரியின் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று மல்காஸ் முடிவு செய்தார்.

ஆனால் நுக்ஸார் வீட்டில் இல்லை. கொடிகளுக்கு நடுவே புகை எழுந்துகொண்டிருந்தது. கோபம் வேறு, விருந்தாளி வேறு. வந்தவர்களுக்குப் பிக்னிக் போச்சே என்று லமாரா மேஜையையே தோட்டத்துக்குத் தூக்கிவரச் செய்திருந்தாள். போன மாசிப் பனியில் வெட்டி அடுக்கிய கொடிக்குச்சிகளை எரித்துத் தணலாக்கி, நுக்ஸார் குந்தி உட்கார்ந்து, கம்பியில் கோத்த பன்றிக்கறியைப் புரட்டிக்கொண்டிருந்தார். கொழுப்பு சொட்டி, தணல் சீறி, அந்த வாசனை எழுந்ததும் நிரம்பிய வயிற்றில் எப்படியோ ஒரு மூலை காலியானது.

"கெடைச்சுதா?" என்றார் திரும்பாமலே.

"ஒண்ணுல பூ, ஒண்ணுல காடி," என்றார் மல்காஸ்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சரியான ஜாடியிலிருந்து, அதாவது பழைய வாசலிலிருந்து இரண்டாவதிலிருந்து, அம்பர் நிற ஒயின் வந்திருந்தது. வாழ்த்துச் சொல்லி விருந்தை நடத்தும் மேஜைத் தலைவர் நுக்ஸார்தான். எவ்வளவு கோபத்திலும் அந்தப் பதவியை அவர் விட்டுக்கொடுத்ததில்லை. கடவுளுக்கும் சமாதானத்துக்கும் சுருக்கமாக முடித்தார். பிறகு கோப்பையை எடுத்து எத்தெரியின் பக்கம் திரும்பினார்.

"விருந்தாளிக்கு," என்றார். "என் தம்பிக்கு பேன்ட் தைக்கிறவங்களுக்கு. இந்த வீட்டுல இவங்க யாருன்னு எங்களுக்குச் சொல்லப்படல. யாரா இருந்தாலும், நல்லா இருக்கணும்."

எத்தெரி தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

மல்காஸ் எழுந்தார். மேஜைத் தலைவர் அனுமதி தராமல் எழுவது மரியாதை இல்லை. நுக்ஸாரின் புருவம் உயர்ந்தது.

"அண்ணே, நான் பேசணும். அண்ணி, காலையில நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. நான் சொன்னது பொய்யில்ல. ஆனா பதிலும் இல்ல." மைக் இல்லாமல் இவ்வளவு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. "இவங்க எத்தெரி. நான் இவங்களை என்னைக் கட்டிக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். சுரங்கப்பாதையில கேட்டேன். கடையில கேட்டேன். இன்னும் பதில் வரல. வராமலே போகலாம். ஆனா கேட்டவன் நான். அதை மறைச்சதும் நான்தான். ஒங்க முகத்தைப் பார்த்து பயந்துட்டேன் அண்ணி."

தணலில் ஒரு குச்சி வெடித்தது. தம்தா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று மல்காஸுக்குத் தெரியவில்லை.

லமாரா எழுந்து தணல் பக்கம் போனாள். கம்பிகளைப் புரட்டத் தேவையே இல்லை, புரட்டினாள். பிறகு நன்றாகச் சிவந்த ஒரு கம்பியை எடுத்து வந்தாள். ரொட்டியால் பிடித்து, கறித்துண்டுகளை இழுத்து, எத்தெரியின் தட்டில் போட்டாள். ஒரு துண்டுகூட மற்றவர்களுக்கு வைக்கவில்லை.

"சாப்பிடும்மா," என்றாள். "ஸியாலா உசுரோட இருந்தப்ப எங்கிட்ட அடிக்கடி சொல்லுவா. நான் போயிட்டா இந்த மனுஷனுக்கு ஒரு பட்டன் தைக்கக்கூடத் தெரியாதுக்கான்னு." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "இவன் பதில் சொல்லிட்டான். நீ எப்ப சொல்லப்போற?"

எத்தெரி தட்டைப் பார்த்தார். கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எங்கிட்ட ஒரு ஜாடி இருக்கு," என்றார்.

மல்காஸுக்கு மனசு சோர்ந்தது. மறுபடி பேச்சு மாறுகிறது. வானிலை, தக்காளி, இப்போது ஜாடி.

"அலசானிக்கு அந்தப் பக்கம், எங்க தாய்மாமா வீடு. அவர் எனக்குத்தான் எழுதி வச்சுட்டுப் போனார். கூடத்துல ஒரு சின்ன ஜாடி. போன இலையுதிர் காலத்துல போயி செர்ரிப் பட்டைத் துடைப்பத்தால தேச்சுக் கழுவி, கந்தகப் புகை போட்டு மூடிட்டு வந்தேன். காலியாத்தான் இருக்கு."

மல்காஸ் வாயைப் பிளந்தார். ஒரு வருடமாகப் பழகுகிறார். வீடு எங்கே, மாமா யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. காலையில் இந்த எத்தெரிக்குத்தான் ஜாடி எப்படித் திறப்பது என்று வகுப்பு எடுத்திருக்கிறார்.

"அப்போ காலையிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றார் நுக்ஸார்.

"நீங்கதானே சொன்னீங்க, சொந்தக்காரங்க கூடத்துலதான் வைப்பேன்னு. எங்கிட்ட ஜாடி இருக்குன்னு நான் சொன்னா, இவரைக் கட்டிக்கிறேன்னு சொன்ன மாதிரி ஆயிடும்." எத்தெரி முதல் முறையாக மல்காஸை நேராகப் பார்த்தார். "பேன்ட் தைக்கிறவ எதுக்குச் சொல்லணும்?"

"இப்ப சொல்றீங்களே."

"இப்ப சொல்றேன்."

மல்காஸ் கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தார். வைத்த இடத்தில் மேஜை இல்லை. தம்தாதான் தாவிப் பிடித்தாள்.

"எதைச் சொல்றீங்க? ஜாடியையா? எத்தெரி, தயவுசெஞ்சு... நான் தினமும் முன்னூறு பேருக்குப் பதில் சொல்றவன். எனக்கு ஒரே ஒரு தடவை."

"கட்டிக்கிறேன், மல்காஸ்."

வானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

நுக்ஸார் எழுந்து, சட்டையின் உள்பையிலிருந்து அந்தச் சிவப்பு நூலை எடுத்து எத்தெரியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். புது ஜாடியில் கட்ட வேண்டுமே. "பெரியப்பா, கண்ணாடிக் குடமெல்லாம் எங்க இருக்கு? இன்னைக்கே ஏத்திடலாம்," என்று தம்தா கார் சாவியோடு எழுந்துவிட்டாள். "சித்தி, நீங்க முன்னாடி ஒக்காந்து வழி சொல்லுங்க." அந்தச் சொல்லை எவ்வளவு நாளாக வாய்க்குள் வைத்திருந்தாளோ, சொல்லிவிட்டு அவளே சிவந்துபோனாள்.

அப்போது மேஜைமேல் எத்தெரியின் போன் மறுபடி அடித்தது.

இந்த முறை அவர் அணைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி அது அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பதில் கிடைத்த தைரியத்தில் யார் என்று கேட்க வாயெடுத்து, கடைசி நொடியில் மல்காஸ் வேறொன்றைக் கேட்டுவிட்டார்.

"அந்த வீட்டுச் சாவி எங்க, எத்தெரி?"

"நான் விட்டுட்டு வந்த வக்தாங்கிட்ட," என்றார் எத்தெரி. "தோட்டத்துல தேனீ வளர்க்கறான். நான்தான் குடுத்தேன். காலையிலேருந்து கூப்பிட்டுட்டு இருக்கறதும் அவன்தான்."